மயில் ஏன் கோழியானது? வரைந்த படத்தைத் தையலாக்குவது பற்றி

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறாள். நன்றாக வரைவாளாம், நோட்டு நிறைய மயில், தாமரை, கோபுரத்துப் பொம்மை. ஆடிக்கு அம்மனுக்குச் சாத்தும் சீலையில் தன் மயிலைத் தைத்துப் போட ஆசை. அண்ணன், துணி மாட்டும் வளையம் 4 அங்குலமே உள்ள சின்ன எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். படத்தைப் போட்டோ எடுத்து, சாப்ட்வேரில் தானாக மாற்றும் பொத்தானை அழுத்தித் தைத்துப் பார்த்தாள். 41,000 தையல் வந்தது, நூல் ஏழெட்டுத் தடவை அறுந்தது, துணி அப்பளம் மாதிரி சுருண்டது, மயில் மழையில் நனைந்த கோழி மாதிரி ஆனது. "கைத்தையலை முதலில் கற்க வேண்டுமா, நேரே மெஷினில் இறங்கலாமா? எத்தனை நாளில் வரும்?" என்று கேட்கிறாள்.

தங்கச்சி, அந்தக் கோழியை நானும் தைத்திருக்கிறேன். ரங்கூனில் கோவில் கொடி, பள்ளிக்கூட பேட்ஜ், கல்யாண ரவிக்கை என்று இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலைதான் செய்கிறேன். இன்றும் புதுத் துணியில் முதல் முறை தைக்கும்போது கோழி எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. உன் படத்திலோ மெஷினிலோ குறை இருப்பதாகத் தோன்றவில்லை. படத்துக்கும் தையலுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் செய்யவில்லை. பொத்தான் செய்துவிடும் என்று விட்டுவிட்டாய். அவ்வளவுதான் நடந்தது.

அது என்ன வேலை? வரைகிறவள் கண்ணுக்கு ஓரம்தான் முதலில் தெரியும். மயிலின் கழுத்து எங்கே முடிகிறது, இறகு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பாய். தைக்கிறவளுக்கு அது மட்டும் போதாது. அந்தக் கழுத்துக்குள் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எது அடியில் போகிறது, எது மேலே வருகிறது, ஊசி எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது, இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சாப்ட்வேருக்கு உன் மயில் வெறும் நிறத் திட்டு. நீலம் இவ்வளவு இடம், பச்சை இவ்வளவு இடம். கழுத்துச் சதை வளைகிறது என்பதோ, இறகு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்பதோ அதற்கு எப்படித் தெரியும்?

ஆகவே, கையா மெஷினா என்ற கேள்விக்கு என் பதில்: கை முதலில். ஆனால் வருடக்கணக்கில் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் வைத்தால் இரண்டு மூன்று மாதம் போதும். கைத்தையலில் தேர்ந்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. நூலுக்குத் தடிமன் உண்டு, நூல் துணியை இழுக்கும், ஒளி பட்டால் திசைக்குத் திசை வேறு நிறமாய்த் தெரியும் என்பது விரல் வழியாகத்தான் ஏறும். திரையைப் பார்த்து அது ஏறாது.

முதல் படம் மயில் வேண்டாம். ஒரு மாவிலை வரை. உள்ளங்கை அளவு, காம்பும் நடு நரம்பும் தெரிகிற மாதிரி. இந்த ஒரு இலையை நான்கு விதமாகத் தை. முதலாவதில் ஓரம் மட்டும், காம்புத் தையலில், அதாவது ஒவ்வொரு தையலும் முந்தையதன் பாதியில் தொடங்கி முறுக்குக் கயிறு மாதிரி ஓடுவது. இரண்டாவதில் நரம்பிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாக நெருக்கி நிரப்பு. மூன்றாவதில் அதே இலையைக் குறுக்கே நேராக நிரப்பு. நான்காவதில் கரும்பச்சை, பச்சை, இளம்பச்சை என மூன்று நூல் எடுத்து, நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றுக்குள் ஒன்றை இறக்கு. நான்கையும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நூல், ஒரே நிறம், ஒரே ஓரம். ஆனால் ஒன்று இலையாக இருக்கும், இன்னொன்று பச்சைத் துணி ஒட்டுப் போட்டது மாதிரி இருக்கும். நான் மேலே ஒரு பத்தி முழுக்கச் சொன்னதை அந்த இரண்டு இலையும் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

சில சின்ன விஷயங்கள். ஆறு பிரி நூலை அப்படியே போடாதே, ஒன்றோ இரண்டோ பிரி போதும். நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெட்டு. அதற்கு மேல் நீளமானால் ஒவ்வொரு முறை துணிக்குள் போய்வரும்போதும் தேய்ந்து பஞ்சாகிவிடும். கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெல்லியது என்பதை நினைவில் வை. ஒன்று இரண்டு பிரிக்கு 9, 10 எண் எடு. சிவப்பு நூலைச் சாயம் போகிறதா என்று ஈரப் பஞ்சில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தை. உங்கள் ஊர் மழை உனக்கே தெரியும். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் துரு வட்டம் இருக்கும். அம்மன் சீலையில் துரு விழுந்தால் போகாது.

படத்தைத் துணிக்கு மாற்றுவதற்கு நம் ஆட்கள் செய்கிற பழைய வழிதான் எனக்கு இன்றும் பிடிக்கும். ட்ரேசிங் தாளில் படத்தை எடுத்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போட வேண்டும். தாளைத் துணிமேல் வைத்து, வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் குழைத்துத் துணிப் பந்தால் தேய்த்தால் துளை வழியாகப் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கிவிடும். ஒரு தாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். தாளைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கம் பார்க்கும் மயில் கிடைக்கும். ஜோடி மயிலுக்கு இரண்டாவது படம் வரைய வேண்டியதில்லை. கரும்துணிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வெளிர்த் துணியானால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து நேரே பென்சிலால் எடுத்துவிடலாம். தண்ணீர் பட்டால் மறையும் பேனாவை நம் ஊர்ப் புழுக்கத்தில் நம்பாதே. வேர்த்த கை பட்டே பாதி மயில் மறைந்துவிடும்.

இனி மயிலுக்கு வருவோம். உன் படத்தை மூன்று நகல் எடு. முதல் நகலில் கறுப்புப் பேனாவால், தேவையான கோட்டை மட்டும் வரை. வேண்டாததை விட்டுவிட வேண்டும், இதுதான் வரையத் தெரிந்தவர்களுக்குக் கஷ்டம். பென்சிலில் நூறு இறகு போட்டிருப்பாய். 4 அங்குலத்தில் பதினைந்து இறகு தாங்கும். நூல் ஒரு பேனா முனை மாதிரி. மெஷினில் வழக்கமாக ஓடும் 40 எண் நூல் படிந்தால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடத்தை அடைக்கும். அதைவிட மெல்லிய கோட்டை அதனால் போட முடியாது. 0.4 மில்லிமீட்டர் பேனா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அழிக்காமல் மயிலை வரைந்து பார். எது நிற்கிறதோ அதுதான் தையலுக்கான படம்.

இரண்டாவது நகலில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடு. எது முதலில் தைக்க வேண்டும், எது கடைசியில். பின்னால் இருப்பது முதலில், முன்னால் இருப்பது பிறகு. தோகையை ஓலைக் கூரை வேய்வது மாதிரி நினைத்துக்கொள்: கீழ்வரிசையை முதலில் போட்டு, அதன் தலைமேல் அடுத்த வரிசையின் நுனி படியும்படி மேலே ஏறுகிறோம் இல்லையா, அதேதான். தோகை நுனியில் தொடங்கி உடம்பை நோக்கி வா. கழுத்து, தலை, கொண்டை, கண் கடைசி. இதைப் பழக எனக்குத் தெரிந்த நல்ல இடம் அனவ்ரதா சாலைக் காளி கோவில் வாசல். 1871-இல் நம் தமிழர்கள் கட்டியது. அதன் கோபுரத்தில் பொம்மைக்கு முன் பொம்மை, கைக்குப் பின் கை என்று அடுக்கடுக்காக இருக்கும். எதிர்ப்பக்கம் நின்று, "இதைத் தைத்தால் எதை முதலில் தைப்பேன்" என்று எண் போட்டுப் பார். ரங்கூன் வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கு. டீக்கடை பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது நகலில் அம்புக்குறி. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் நூல் எந்தப் பக்கம் ஓடும் என்று அம்பு போடு. பென்சிலில் நிழல் கொடுக்கும்போது உன் கை எந்தப் பக்கம் சாய்ந்து கோடு இழுத்ததோ, பெரும்பாலும் அதுவே சரியான திசை. கழுத்தில் நீளவாக்கில் ஓடி வளைந்து மார்புக்கு இறங்கும். இறகில் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் சாய்ந்து போகும். தோகைக் கண்ணில் நடுவிலிருந்து சூரியக் கதிர் மாதிரி விரியும். இந்த மூன்று தாளும் சரியாக இருந்தால், கையால் தைத்தாலும் மெஷினில் தைத்தாலும் பாதி வேலை முடிந்தது. என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளை முதல் மாதம் கணினிப் பக்கமே விடுவதில்லை, இந்த மூன்று தாள்தான். அலுத்துப்போய் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கைக்கும் கணினி மெஷினுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அதை யாரும் இப்போது சொல்லித் தருவதில்லை. வீட்டில் பழைய மிதி மெஷின் இருக்கும், பார். பாட்டி காலத்துக் கறுப்பு மெஷின் எதுவானாலும் சரி. துணியை முன்னே தள்ளும் பல்லை இறக்கிவிடு. இறக்க முடியாத மாடலானால் மேலே ஒரு தகட்டை வைத்து மூடிவிடு. அழுத்தும் பாதத்தைக் கழற்று. ஆனால் பாதத்தைத் தூக்கி இறக்கும் நெம்புகோலை இறக்கியே வை, இல்லாவிட்டால் மேல்நூல் இறுக்கம் பிடிக்காது. துணியை வட்டச் சட்டத்தில் மாட்டி, தட்டையாக மெஷின் பலகைமேல் படியும்படி வைத்து, இரண்டு கையாலும் சட்டத்தை நகர்த்திக்கொண்டே மிதி. இது வரைவதேதான், ஆனால் தலைகீழாக: பேனா ஒரே இடத்தில் நிற்கிறது, காகிதம் நகர்கிறது. முதல் வாரம் உன் பேரைக்கூட எழுத வராது. கால் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் நூல் ஒரே இடத்தில் முடிச்சாகக் குவியும். கை வேகம், கால் மெது என்றால் தையல் நீண்டு இளிக்கும். இரண்டும் ஒத்துப்போகும் ஒரு நாள் வரும். விரல் ஊசியின் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள், பாதம் கழற்றியிருப்பதால் தடுக்க ஒன்றும் இல்லை. கரண்டு முறை வைத்து வருகிற நம் நாட்டில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு, சொல்லவே வேண்டாம்.

சரி, கணினி. மென்பொருளில் படத்தைத் தையலாக்குவதை டிஜிட்டைசிங் என்கிறார்கள், பழைய ஆட்கள் பஞ்சிங் என்பார்கள். முன்பு காகித நாடாவில் துளை போட்டுத்தான் மெஷினுக்கு டிசைன் சொன்னார்கள், அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நம் ட்ரேசிங் தாளும் துளைதான், அவர்களுடையதும் துளைதான். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை: இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளும், அதற்குள் ஓடும் இங்க்/ஸ்டிட்ச் என்ற நீட்சியும் இலவசம். பழகக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனால் அம்பு போட்ட தாள் உன்னிடம் இருந்தால் அதையே திரையில் செய்கிறாய், வேறொன்றுமில்லை.

முதல் டிசைனாக என்ன செய்யலாம்? நான் சொல்வது சிக்குக் கோலம். சிரிக்காதே. ஐந்து புள்ளி வைத்து, ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோலம் ஒன்றை எடு. மெஷினில் அதை ஓட்டுத் தையலாகப் போட்டால் நூலை ஒரு இடத்தில்கூட வெட்ட வேண்டியதில்லை. டிஜிட்டைசிங்கில் பாதித் திறமை அதுதான்: ஊசியைத் தூக்காமல் அடுத்த இடத்துக்கு எப்படிப் போவது. ஒவ்வொரு வெட்டுக்கும் மெஷின் நின்று, முடிச்சுப் போட்டு, நகர்ந்து, மறுபடி முடிச்சுப் போட்டுத் தொடங்கும். நூல் அறுவதும், துணிக்குப் பின்னால் சிக்கிக் கூடு கட்டுவதும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான். தானாக மாற்றும் பொத்தான் உன் மயிலைக் கண்டபடி துண்டாக்கி, இங்கே நாலு தையல் அங்கே நாலு தையல் என்று தாவியிருக்கும். நம் வீட்டுப் பெண்களுக்குச் சிறுவயதிலேயே வாசலில் இந்தக் கணக்கு கைக்கு வந்துவிடுகிறது. எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்பினால் கோடு மீதியில்லாமல் முடியும் என்று யோசிக்கும் அதே மூளைதான் இதற்கும்.

கோலம் வந்த பிறகு பொட்டு. ஒரு சிவப்பு வட்டம், இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவு. திரையில் கச்சிதமான வட்டம் வரைந்து, நிரப்புத் தையல் கொடுத்துத் தைத்துப் பார். முட்டை வடிவமாக வரும். நூல் ஓடுகிற திசையில் துணியை உள்ளே இழுக்கும். அதற்குக் குறுக்கே, வரிசைகள் நெருக்கி நெருக்கி, வெளியே தள்ளும். இதனால்தான் ஓரக்கோடு ஒரு பக்கம், நிரப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து நடுவில் துணி பல்லிளிக்கிறது. இழுப்பு ஈடு என்று மென்பொருளில் ஒரு அளவு இருக்கும். அதில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை கொடுத்தால் அவ்வளவு தூரம் கூடுதலாகத் தைத்து இழுப்பைச் சரிக்கட்டும். என் முதல் கோவில் கொடியில் நான் ஓரக்கோட்டை முதலில் தைத்து, பிறகு உள்ளே நிரப்பினேன், பள்ளியில் வரைந்து வண்ணம் தீட்டுவது மாதிரி. நிரப்பு இழுத்த இழுப்பில் வேல் ஒரு பக்கம், அதன் ஓரம் ஒரு பக்கம். ஓரம் எப்போதும் நிரப்புக்குப் பிறகுதான்.

இன்னும் இரண்டு அளவு மனதில் இருக்கட்டும். சாட்டின் தையல், அதாவது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பளபளவென்று தாவுவது, ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போனால் தொங்கி, வளையலில் மாட்டும். அங்கே நிரப்புத் தையலுக்கு மாறிவிடு. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவானால் சாட்டினே வேண்டாம், ஓட்டுத் தையலை இரண்டு மூன்று முறை மேலுக்கு மேல் ஓட்டினால் போதும். எழுத்து தைக்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை: ஆங்கிலப் பெரிய எழுத்து ஐந்து மில்லிமீட்டரிலும் நிற்கும். நம் எழுத்து நிற்காது. ணகரத்தின் சுழி அடைத்துப்போகும், மெய்யெழுத்தின் புள்ளி முடிச்சு மாதிரி துருத்தும். பர்மிய எழுத்தோ முழுக்க வட்டம், அதன் வாய் மூடிவிட்டால் வேறு எழுத்தாகிவிடும். ஒரு பள்ளிக்கு அறுபது பேட்ஜ் தைத்துக் கொடுத்து, படிக்கவே முடியவில்லை என்று அறுபதும் திரும்பி வந்தது. அதன் பிறகு எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே நான் இறங்குவதில்லை. கணினி எழுத்துருவை அப்படியே தையலாக்காமல், பெரிய எழுத்தாக நானே வரைந்து, சுழியைக் கொஞ்சம் திறந்துவிட்டுத் தைக்கிறேன்.

துணி அப்பளமாய்ச் சுருண்டதற்கு வருகிறேன். அதற்கு மூன்று காரணம் இருந்திருக்கும், மூன்றும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஒன்று, தையல் அளவுக்கு மீறி நெருக்கம். 4 அங்குலத்துக்குள் 41,000 என்றால் துணி என்ன செய்யும் பாவம். இரண்டு, துணியைத் தாங்க அடியில் தாள் வைக்காமலோ மெல்லியதாக வைத்தோ தைத்திருப்பாய். தைத்த பிறகு கிழித்து எடுக்கும் தாள், வெட்டிவிட்டு மீதியை உள்ளேயே விடும் தாள், தண்ணீரில் கரையும் தாள் என்று வகை உண்டு. இழுபடும் துணிக்கும் நெருக்கமான டிசைனுக்கும் வெட்டும் தாள்தான் தாங்கும். மூன்று, துணியை வளையத்தில் மாட்டிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்து மேளம் மாதிரி இறுக்கியிருப்பாய். கைத்தையலில் அது பரவாயில்லை. மெஷின் தையலில் இழுபட்ட நிலையிலேயே ஆயிரக்கணக்கான தையல் விழுந்து, வளையத்தைக் கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், தையல் விடாது, சுருங்கும். தாளும் துணியும் சேர்ந்து சமமாக மாட்டு, திருகை முடுக்கு, அப்புறம் தொடாதே.

நான்காவதாக ஒன்றும் இருக்கிறது, அடித்தையல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மாண்டலே போக வேண்டியிருந்தது.

சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஷ்வே சி தோ பட்டறையில் நான்கு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பொன்நூல் தையல் என்று பொருள். சுவரில் தொங்கவிடும் அந்தத் திரைகளைக் கலகா என்பார்கள், நீ பார்த்திருப்பாய்: கறுப்பு வெல்வெட்டில் யானையும் அன்னம் மாதிரியான ஹிந்தா பறவையும் யாமா கதையும், அதாவது நம் ராமாயணமும், புடைத்துக்கொண்டு நிற்கும். மிண்டோன் அரசர் காலத்தில், 1853 முதல் 1878 வரை ஆண்டவர், அரண்மனைப் பக்கம் இந்த வேலை ஓங்கியது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றித் தரையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். நான் எதிர்பார்த்தது பொன்நூலும் சமிக்கியும். அவர்கள் நேரம் செலவழித்ததோ அடியில். யானையின் உடம்பு தனித்துணியில் வெட்டிய துண்டு. அதை வைத்துத் தைத்து, உள்ளே பஞ்சைத் திணித்து, எங்கே எவ்வளவு புடைக்க வேண்டும் என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்க்கிறார் மூத்தவர். அதன் பிறகுதான் ஓரத்தில் பொன்நூலைப் படுக்க வைத்து, மெல்லிய நூலால் குறுக்கே குறுக்கே பிடித்துத் தைக்கிறார்கள். பொன்நூல் துணிக்குள் போவதே இல்லை, மேலே படுத்திருக்கிறது. சமிக்கி கடைசி.

வீட்டுக்கு வந்து என் மெஷினைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நான் மேல்தையலை மட்டுமே யோசித்திருந்தேன். மென்பொருளில் அடித்தையல் என்று ஒரு இடம் இருக்கிறது, அதை அலட்சியமாக அணைத்து வைத்திருந்தேன், நேரம் மிச்சமாகட்டும் என்று. அது என்ன செய்கிறது தெரியுமா? மேல்தையல் வருவதற்கு முன் இடைவெளி விட்டு, மேல்தையலுக்குக் குறுக்குத் திசையில் ஓடித் துணியையும் தாளையும் ஒன்றாகப் பிணைக்கிறது. மேல்நூல் துணிக்குள் புதையாமல் தூக்கிக் கொடுக்கிறது. அடித்தையல் சரியாக இருந்தால் மேலே நெருக்கத்தைக் குறைக்கலாம், மொத்தத்தில் தையல் எண்ணிக்கை குறையும். உன் மயில் 41,000 தேவைப்படும் படம் கிடையாது. 15,000க்கும் 18,000க்கும் நடுவில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

கரண்டுக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. சின்ன மெஷினை நிமிடத்துக்கு 400 தையலில் ஓட்டினால் 18,000 தையலுக்கு 45 நிமிடம். நிறம் மாற்ற, நூல் கோர்க்க என்று சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல். கரண்டு வந்ததும் தொடங்கு, போகப்போகும் நேரத்தில் தொடங்காதே. நடுவில் போய்விட்டால் வளையத்தை மெஷினிலிருந்தோ துணியிலிருந்தோ கழற்றக் கூடாது. தையல் எண்ணிக்கையை அவ்வப்போது குறித்து வைத்தால் அந்த எண்ணுக்கே முன்னேற்றிக்கொண்டு விட்ட இடத்தில் தொடரலாம். இன்வெர்ட்டர் வாங்குவதானால் சைன் அலை சுத்தமாகத் தருவதைக் கேட்டு வாங்கு. மட்டமானதில் மோட்டார் முனகும், மெஷினின் மின்பலகை போய்விடும்.

கோப்பு வகை பற்றி ஒரு வரி: பிரதர் மெஷின் பிஇஎஸ் கேட்கும், ஜானோமி ஜேஇஎஃப் கேட்கும், பட்டறை மெஷின்கள் டிஎஸ்டி எடுக்கும். டிஎஸ்டியில் நிறம் பதிவாகாது, எந்தக் கட்டத்துக்கு எந்த நூல் என்று தாளில் எழுதிக்கொள்.

இப்போது உன் ஆடிச் சீலை. நேரே சீலையில் மெஷினால் தைக்காதே என்றுதான் சொல்வேன். பட்டில் வளையம் மாட்டினால் தடம் விழும், சில சமயம் போகவே போகாது. அதோடு அம்மனுக்குச் சாத்தும் சீலை கொசுவம் வைத்து மடிந்து விழ வேண்டும். அட்டை மாதிரி விறைத்த மயில் அதில் மடியாது, குருக்கள்தான் திண்டாடுவார். கலகாக்காரர்கள் வழியில் போ. மயிலைத் தனித்துணியில், தாள் வைத்து, மெஷினில் தை. உடம்பு ஒரு துண்டு, தோகை இரண்டு மூன்று துண்டு. 4 அங்குல வளையம் போதுமா என்ற கவலையும் தீர்ந்தது. ஓரம் விட்டு வெட்டி மடித்து, முந்தானை விரிந்து தெரியும் இடத்தில் மட்டும் வைத்துக் கையால் தைத்துப் பிடி. பிறகு ஓரம் முழுக்கச் சரிகை நூலைப் படுக்க வைத்து, மேலே மெல்லிய மஞ்சள் நூலால் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு தடவை குறுக்கே பிடி. துண்டுகள் சேரும் இடமும், மெஷின் ஓரம் கொஞ்சம் நழுவிய இடமும் சரிகைக்கு அடியில் போய்விடும். சரிகையை மெஷினில் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். பெரிய கண் ஊசி, மெதுவான வேகம் என்று எல்லாம் செய்தாலும் அது அறுந்து உன்னை அழவைக்கும். கையில் படுக்க வைப்பதற்கு அரை நாள்தான் ஆகும், பொலிவும் வேறு. உடம்புக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் மாண்டலே யானை மாதிரி மார்பு புடைத்து நிற்கும். தோகைக்கு வேண்டாம், மடியாது.

எத்தனை நாள் என்று கேட்டாயே. இந்த ஆடிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தால், கைத்தையல் மாதங்களைச் சுருக்கிக்கொண்டு முடித்துவிடலாம். ஒரு மாதம் இலையும் மூன்று தாளும், ஒரு மாதம் கோலமும் பொட்டும், கடைசி மாதம் மயில். மூன்று மாதம் இல்லையென்றால் இந்த வருடம் முழுக்கக் கையாலேயே, ஓரக்கோட்டு மயிலாகத் தைத்துச் சாத்து. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்தக் கோழியை எறிந்துவிட்டாயா? எறியவில்லையென்றால் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார். சாட்டின் தையல் இருக்கும் இடத்தில் பின்னால், பாபினிலிருந்து வரும் வெள்ளை அடிநூல் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குத் தெரிந்தால் நூல் இறுக்கம் சரி. வெள்ளையே தெரியாமல் மேல்நூல் மட்டும் இருந்தால் மேலே தளர்வு. வெள்ளை முன்பக்கம் எட்டிப் பார்த்தால் மேலே அதிக இறுக்கம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, மூன்று தாளோடு சேர்த்து அனுப்பு. எந்த அம்பு தப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.